மஞ்சளிலிருந்து நீலம்

நல்லசிவத்தின் கண்களுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். ஆய்வகத்தில் இருந்த சாயங்களோ, தண்ணீரில் ஈயம் இருந்தால் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறுபவை. ஒவ்வொரு சோதனைக்கும் பக்கத்து மேசை ரெஜினாவிடம், "மாறிருச்சாக்கா?" என்று கேட்டு நிற்பான்.

"நிறம் தெரியாதவனுக்கு இந்த வேலை எதுக்குப்பா?" என்றார் பேராசிரியர், எல்லோருக்கும் கேட்கும்படி. அன்றிலிருந்து, தன் கண்ணுக்குத் தெரியும் நிறங்களில் மாறும் ஒரு சாயத்துக்காக அவன் மெனக்கெட்டான். செய்தவை ஒவ்வொன்றும் கைவிட்டன.

ஒரு மத்தியானம், பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் பட்டறைக்குப் பின்தெருவில் உள்ள அடிபம்பிலிருந்து பிடித்து வந்த தண்ணீரில் புதிய மஞ்சள் சாயத்தைக் கலந்தான். மஞ்சள் மங்கியது. அடியிலிருந்து நீலம் எழுந்து சோதனைக்குழாய் முழுக்க நிறைந்தது. அவன் யாரையும் கூப்பிடவில்லை. கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றான்.

சாப்பிட்டுத் திரும்பிய ரெஜினா, "என்னப்பா, பாத்துச் சொல்லட்டுமா?" என்றாள்.

"வேண்டாம்க்கா, நானே பாத்துட்டேன். நீலம்! ஈயம் இருக்குக்கா!"

தாழ்வாரம் வரை எட்டிய அந்தக் குரலுக்குப் பேராசிரியர் கதவருகே வந்து நின்றார். நல்லசிவம் குழாயை உயர்த்திப் பிடித்தபடி அவரைத் தாண்டிப் படியிறங்கி ஓடினான். அந்தத் தெருப் பெண்கள் குடத்தோடு அடிபம்புக்கு வரும் நேரம் அது.