கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

"ஏங்க, லிஃப்ட் வரட்டும். படியில கால் வெச்சீங்க, அப்புறம் நடக்கறதே வேற!"

கணக்கு டீச்சர் போட்ட அதட்டலில், முதல் படியில் வைத்த காலை அவள் கணவர் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவர் வாலிபால் கோச். மைதானமே அதிர விசில் ஊதியவர். போன வருஷம் மாரடைப்பு வந்ததிலிருந்து விசில் டீச்சர் கைக்குப் போய்விட்டது.

"ஒரே ஒரு மாடிதானே, டீச்சர்?" வீட்டிலும் அவர் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்.

"அந்த ஒரு மாடிக்குத்தான் லிஃப்ட் வெச்சிருக்காங்க."

பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அறிவியல் துறைக்கு வந்திருந்தார்கள். ஏதோ ஆராய்ச்சியாம். கோச்தான் பேர் கொடுத்திருந்தார். "உங்களை வெச்சு என்னத்தை ஆராயப் போறாங்க?" என்று நாள் முழுக்கப் புலம்பிய டீச்சர், தனியாக அனுப்ப மனசில்லாமல் கூடவே கிளம்பிவிட்டாள்.

ஆய்வுக்கூடத்தின் நடுவில் கண்ணாடிச் சுவர். அந்தப் பக்கம், நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள். இந்தப் பக்கம் நாற்காலியும் ஒரு திரையும். ஆராய்ச்சி மாணவி கோச்சின் நெஞ்சில் ஒரு பெல்ட்டைக் கட்டினாள். டீச்சர் மணிக்கட்டிலும் ஒரு பட்டையை மாட்டினாள்.

"உள்ள வர்றவங்க எல்லாருக்கும் உண்டு மேடம்," என்று தன் கையில் இருந்ததையும் காட்டினாள். "எதுக்காக என்ன பார்க்கறோம்னு முழு விவரம் கடைசியிலதான் சொல்லுவோம். சம்மதமா?"

"எதை வேணா பாருங்கம்மா. அவருக்கு ஒண்ணும் ஆகாம இருந்தாச் சரி."

"இந்தத் திரையில இதயத் துடிப்பு வந்துக்கிட்டே இருக்கும். உங்களுக்குப் பயமா இருந்தா இந்தப் பட்டனை அழுத்துங்க. சைக்கிள் நின்னுடும்."

பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டேதான் டீச்சர் உட்கார்ந்தாள்.

கோச் மிதிக்க ஆரம்பித்தார். எண் மெல்ல ஏறியது. கொஞ்ச நேரத்தில் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒரு கையை எடுத்து இவளைப் பார்த்து ஆட்டினார். எண் குபீரென்று எகிறியது.

"கையை ஆட்டினதுக்கா இவ்வளவு?" டீச்சருக்குப் புரியவில்லை.

அவர் வேகமாக மிதித்தார். எண் அப்படியே நின்றது. பிறகு லேசாக இருமினார். அவ்வளவுதான், எண் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. டீச்சர் பட்டனை ஓங்கி அழுத்தினாள்.

சைக்கிள் நின்றது. கோச் என்ன ஆச்சு என்று சைகையால் கேட்டபடி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எண் இறங்குவதாக இல்லை.

"நிறுத்தியாச்சே, ஏன் இன்னும் இறங்கல?"

"இறங்கும் மேடம். கொஞ்சம் நேரமாகும்."

"வேகமா மிதிச்சா சும்மா இருக்குது. இருமினா எகிறுது. நின்னாலும் குறையல. எந்தக் கணக்குலயும் சேராதே இது! மிஷின் ரிப்பேரா?"

"மிஷின் நல்லாத்தான் இருக்கு," என்ற மாணவி நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "மேடம், நீங்க ராத்திரி நல்லாத் தூங்கறீங்களா?"

"நானா? அவர் நெஞ்சு ஏறி இறங்குதான்னு பார்த்துட்டுத்தான் கண்ணை மூடுவேன். மறுபடி முழிச்சுப் பார்ப்பேன்."

"கடைசியா எப்ப வெளியூர் போனீங்க?"

"அவரை இந்த உடம்போட எங்க கூட்டிட்டுப் போறது?" டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னம்மா இது? நோயாளி அங்க இருக்கார், என்னைப் பிடிச்சு வெச்சு உலகத்துக் கேள்வியெல்லாம் கேக்கறியே!"

சொல்லிக்கொண்டே கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். சைக்கிள் காலியாக இருந்தது. திரையில் எண் துள்ளிக் குதித்தது.

"எங்க அவர்?"

"தண்ணி குடிக்கப் போனார்."

"தனியாவா?"

டீச்சர் எழுந்து ஓடினாள். கோச் வராந்தா ஜன்னலில் சாய்ந்துகொண்டு, கீழே பந்து விளையாடிய மாணவர்களைப் பார்த்து, "கையை இன்னும் மேல தூக்குங்கப்பா!" என்று கத்திக்கொண்டிருந்தார். அவரைத் தரதரவென்று உள்ளே இழுத்து வந்து திரையைப் பார்த்தவள் அலறினாள்.

"நூத்தி ஐம்பது! சும்மா நிக்கற மனுஷனுக்கு நூத்தி ஐம்பது! ஆம்புலன்ஸைக் கூப்பிடும்மா! நான் அப்பவே சொன்னேன், இந்த வேலையே வேணாம்னு..."

அழுதபடி அவர் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். அப்படியே அசையாமல் நின்றாள். உள்ளே நிதானமாக, சீராக அடித்துக்கொண்டிருந்தது. திரையைப் பார்த்தாள். மறுபடி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இங்க ஒழுங்காத்தானே அடிக்குது... அங்க ஏன் அப்படி?"

"இந்த ஆராய்ச்சி மாரடைப்பு வந்தவங்களைப் பத்தி இல்ல மேடம்," என்றாள் மாணவி தயங்கித் தயங்கி. "அவங்களைப் பார்த்துக்கறவங்களைப் பத்தி."

டீச்சருக்கு அப்போதும் விளங்கவில்லை. கோச் அவளைத் தாங்கி நாற்காலியில் உட்கார வைத்தார்.

"என் இதயத்துக்கு டாக்டர் எப்பவோ பாஸ் போட்டுட்டார், டீச்சர். நான் பேர் கொடுத்தது எனக்கில்ல, உனக்கு. அங்க பதறிக்கிட்டு ஓடுதே, அது உன்னோடது."