எந்தக் கோயில்?

பந்தியில் இலைகள் பாதியில் கிடக்க, கல்யாண வீடே எழுந்து பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தது.

நாலு வயது சௌபர்ணிகாவைக் காணவில்லை.

பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று போன வாரம் முழுக்க வாட்ஸ்அப்பில் ஒரே பேச்சு. அதனால் வாசலில் பெண் வீட்டு அழகுசுந்தரத்தைக் காவல் வைத்திருந்தார்கள். முகம் தெரியாத ஆள் வந்தால் நகரத்தாரின் ஒன்பது குலக்கோயிலில் எந்தக் கோயில், அதில் எந்தப் பிரிவு என்று கேட்பான். நகரத்தார் வீட்டில் அதைவிடப் பெரிய ஆதார் கார்டு ஏது?

இப்போது அவன் அழுதுகொண்டிருந்தான். வந்த ஒரே புது ஆள் இளையாத்தங்குடி, ஒக்கூர் பிரிவு என்று டக்கென்று சொன்னாராம். பிள்ளைக்கும் அதே கோயில்தான். பங்காளிதானே என்று விட்டுவிட்டானாம்.

பிள்ளையின் தாய் தேனம்மை அவன் சொன்னதைக் கேட்டாள். தூக்கிப் போனவன் முன்பின் தெரியாத கள்ளனாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

இளவட்டங்கள் பைக்கில் பறந்து போய்ச் சாலையில் கார்களை மறித்தார்கள். வழியில் போன பாவப்பட்ட துணி வியாபாரிக்கு இரண்டு அறை விழுந்தது. சமையல்காரர்கள் கரண்டியும் கையுமாகக் கிணற்றை எட்டிப் பார்த்தார்கள்.

பின் தெருக் கேமராவில் பதிவானதைத் தேனம்மையின் பெரியப்பா போனில் ஓட்டிப் பார்த்தார். ஒருவன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு காரில் ஏறினான். பெரியப்பா போனைக் கண்ணருகே கொண்டுபோனார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"அட, நம்ம தேனம்மை வீட்டுக்காரருல்ல! சிங்கப்பூர்ல இருந்து எப்ப வந்தாக? பெத்த அப்பச்சி மகளைத் தூக்கிட்டுப் போனதுக்கா இம்புட்டு ரகளை! போ ஆத்தா, போய்ச் சாப்பிடு."

வீட்டுக்கே உயிர் வந்தது. பந்தியில் மறுபடி சாம்பார் வாளி நடந்தது. அழகுசுந்தரத்தின் முதுகில் தட்டிக் கேலி செய்தார்கள். பெரியப்பா சாலையில் நின்றவர்களைப் போனில் கூப்பிட்டுத் திரும்பி வரச் சொன்னார்.

தேனம்மை பாய்ந்து அந்தப் போனைப் பிடுங்கினாள்.

"திரும்பாதீக! காரை விட்டுறாதீக!"

பந்தி அப்படியே நின்றது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

அவள் கணவன் ஏகப்பன் சிங்கப்பூருக்குப் போகவே இல்லை. மானம் போய்விடுமே என்று அவளே கட்டிவிட்ட கதை அது. அவன் பிள்ளையின் பக்கத்திலேயே வரக்கூடாது என்று கோர்ட் உத்தரவு போட்டதைப் பெற்றவர்களிடம்கூட அவள் சொல்லவில்லை.

அன்று கோர்ட் வாசலில் அவன் அவள் காதோரம் குனிந்து, எனக்கில்லாத பிள்ளை உனக்கும் இருக்காது என்று சொல்லிவிட்டுப் போனதையும்தான்.