கூடப்பிறந்தவள்

நுழையும்போதே நம்பிராஜன் நிலையின் மேல்கட்டையில் மண்டையை இடித்துக்கொண்டார்.

இருபது வருடமாகக் குடியிருப்பதாகச் சொல்லப்போகிற வீட்டில் அது நல்ல ஆரம்பம் இல்லை.

செம்பூரில் லிஃப்ட் வைத்த கட்டிடத்தில் ஏழாவது மாடி அவருக்கு. லோனாவ்லாவில், சனி ஞாயிறு மட்டும் ஆட்கள் வந்து தங்கி வாடகை கொடுத்துப் போகிற ஒரு பங்களா. இரண்டும் மனைவி கோகிலவாணி பேரில். அவர் பேரில் ஒன்றும் கிடையாது, பாவம்.

அதனால்தான் இன்று காலையில் லுங்கி கட்டிக்கொண்டு, தாராவியில் உள்ள பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குக் குடிவந்திருந்தார்.

இன்று இந்தச் சந்தில் சர்வே. எல்லாவற்றையும் இடித்துக் கட்டப்போகிறார்களாம். யார் இங்கேயே குடியிருந்து, காகிதமும் கையில் வைத்திருக்கிறார்களோ, அவர்களுக்குப் புதுக் கட்டிடத்தில் வீடாம். சந்து முழுக்க இதே பேச்சு.

நிஜமாகப் பன்னிரண்டு வருடமாய் அவருக்கு வாடகை கொடுத்து அங்கே குடியிருப்பவள் கலைச்செல்வி. விடியுமுன் இட்லி அவித்து சயான் ஆஸ்பத்திரிப் பக்கம் விற்கிறவள். புருஷன் ராஜபாண்டிக்கு மாஹிமில் வெல்டிங் பட்டறையில் வேலை.

இடித்துப்போட்டால் நாங்கள் எங்கே போக என்று போன வாரம் கேட்டாள். ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்றார் நம்பிராஜன், ஆண்டவனுக்கும் தானே ஏஜெண்டு மாதிரி.

ஒரு நாளைக்கு அவளை வெளியே அனுப்பிவிடத்தான் முதலில் நினைத்தார். ஆனால் கொடியில் சேலை, அடுப்பில் இட்லிக் கொப்பரை, மூலையில் அரிசி மூட்டை. எதை எங்கே ஒளிப்பது? அப்போதுதான் அந்த யோசனை வந்தது. செம்பூரிலிருந்து வருகிற வழியெல்லாம் தன்னைத்தானே மெச்சிக்கொண்டு வந்தார்.

“கேட்டா என் கூடப்பொறந்த தங்கச்சின்னு சொல்லு. நானும் புருஷனும் அண்ணன் வீட்டுலயே இருக்கோம்னு சொல்லு. வேற எதுக்கும் வாயத் தொறக்காத, கேட்டியா?”

“சரி அண்ணாச்சி.”

“அண்ணாச்சின்னா வாடகைக்காரின்னு தெரிஞ்சிரும்லா. அண்ணேன்னு கூப்பிடு.”

“சரிண்ணே.”

கோகிலவாணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். அவளும் இருபது வருடமாக இங்கேதான் இருக்கிறாள்.

பதினொரு மணிக்கு சர்வேக்காரப் பெண் வந்தனா வந்தாள். கையில் டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை. ஹிந்தியில் மளமளவென்று கேட்டாள்.

எத்தனை பேர்? நாலு பேர்.

கக்கூஸ் எங்கே?

நம்பிராஜனின் கை தானாக இடப்பக்கச் சுவரைக் காட்டியது. செம்பூர் வீட்டில் அந்தப் பக்கம்தான் பாத்ரூம்.

“அந்தச் சுவருக்கு அங்கிட்டு, சந்து முனையில. பொதுக் கக்கூஸ்,” என்று கலைச்செல்வி ஹிந்தியில் முடித்துவைத்தாள். நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டார்.

இவள் யார்?

“பஹன்,” என்றார். அது போதாது என்று பட்டது. “சொந்தத் தங்கச்சி. ஒரே வயித்துல பொறந்தவ.”

வந்தனா அதைப் பதிந்தாள். கலைச்செல்வியின் ஆதாரையும் பார்த்தாள். அதில் இதே சந்து விலாசம், புருஷன் பேர். அப்பா பேருக்கு அதில் இடமில்லை.

கரண்ட் பில்?

நம்பிராஜன் தன் ஃபைலைப் புரட்டினார். பழைய ரேஷன் கார்டு இருந்தது, வாக்காளர் அட்டை இருந்தது. பில்லை மாதாமாதம் கட்டுகிறவள் அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து எடுத்து நீட்டினாள்.

“சுடலைமுத்து யாரு?” என்று பில்லில் இருந்த பேரைப் பார்த்துக் கேட்டாள் வந்தனா.

“எங்கப்பா. தவறி வருஷக்கணக்காச்சு.”

மீட்டரும் சரி, அறைக் காகிதமும் சரி, இன்னும் அப்பா பேரில்தான். மாற்ற நம்பிராஜன் மெனக்கெடவில்லை. யார் பேரில் இருந்தால் என்ன, வாடகை அவர் கைக்குத்தானே வருகிறது.

“அப்போ வாரிசு எழுதணும். அவருக்கு எத்தனை பிள்ளைங்க?”

“நான் ஒரே...” என்று ஆரம்பித்த வாய் மூடாமல் நின்றது.

வந்தனா தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். பிறகு கலைச்செல்வியைப் பார்த்தாள்.

“ஆம்பளப் பிள்ள அண்ணன் ஒருத்தருதான் மேடம்,” என்றாள் கலைச்செல்வி, இட்லித் துணியைப் பிழிந்தபடி. “பொம்பளப் பிள்ள நான் ஒருத்தி. சுடலைமுத்து மக கலைச்செல்வின்னு போட்டுக்கோங்க.”

இவள் வாடகைக்காரி என்று சொல்ல நம்பிராஜனுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால், அப்படியானால் நீ எங்கே குடியிருக்கிறாய் என்பதுதான் அடுத்த கேள்வி.

“சரிதானே?” என்று வந்தனா டேப்லெட்டை நீட்டினாள்.

சரிதான் என்று விரலால் கையெழுத்துப் போட்டார். விரல் இரண்டு தடவை வழுக்கியது.

ராஜபாண்டி பட்டறைக்குப் போயிருந்ததால், இருந்த மூன்று பேரையும் வாசலில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தாள் வந்தனா. கலைச்செல்வி அண்ணனுக்குப் பக்கத்தில் தோள் உரச நின்றாள். போகிறபோது வந்தனா நம்பிராஜனைக் கும்பிட்டாள்.

“எத்தனையோ வீடு ஏறி இறங்கிட்டேன். தங்கச்சி பேரையும் எழுதச் சொன்ன அண்ணன் நீங்க ஒருத்தர்தான்.”

பிறகு பக்கத்து வாசலுக்கு நகர்ந்தாள். பக்கத்து வாசல் இரண்டடி தூரம். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் சண்டை எந்த மொழியில் நடந்தாலும் சண்டை என்று தெரிந்துவிடும்.

நம்பிராஜன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கோகிலவாணி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

கலைச்செல்வி தட்டோடு குறுக்கே வந்தாள்.

“எங்க கிளம்பிட்டீங்க மதினி? அண்ணனுக்கும் உங்களுக்கும் இட்லி எடுத்து வச்சிட்டேன். நம்ம வீட்டுல உக்காந்து சாப்பிடுறதுக்கு என்ன கூச்சம்?”