கடிக்கலைக்கா

உதவி மையத்தின் பின்னறையில், யார் யாரோ போட்டுக் கழித்த துணிமூட்டைகளுக்கு நடுவே, பாச்சை உருண்டை வாசனை மூக்கை அடைக்கிறது. துணிமணி கொடுக்கும் பெண் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டிருக்கிறாள். அவள் மடியில் ஒரு சிறுமியின் கால். காலில் கறுப்பு ஷூ. ஜன்னல் வெளிச்சம் அதன் மூக்கில் பொட்டுப்போல நிற்கிறது. இதை விட்டால் அலமாரியில் குதிகால் உயர்ந்த இரண்டு ஜோடியும் ஓர் ஆம்பிளை பூட்ஸும்தான் மிச்சம். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. ஷூ இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். வாசல்வரை நீளும் வரிசையில் யாரோ இருமுகிறார்கள். “எங்கயாவது கடிக்குதா கண்ணு?” “கடிக்கலைக்கா.” கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடுகிறது. அந்தப் பெண் கட்டைவிரலால் ஷூவின் நுனியை அழுத்திப் பார்க்கிறாள். உள்ளே விரல்கள் ஐந்தும் மடங்கிக் குறுகிக் கிடக்கின்றன. நிமிர்கிறாள். சிறுமி, பின்னால் நிற்கும் அம்மாவுக்குத் தெரியாமல், சொல்ல வேண்டாம் என்று லேசாகத் தலையசைக்கிறாள். அம்மா அதற்குள், ஊக்கு குத்திய பழைய ரப்பர் செருப்பைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக வருகிறாள். “அளவெடுத்துத் தச்ச மாதிரில்ல இருக்கு. வளர்ற பிள்ளை, அடுத்த வருஷத்துக்கும் வருமாங்க?” அந்தப் பெண்ணின் கட்டைவிரல் இன்னும் ஷூவின் நுனியிலேயே இருக்கிறது. “வரும்மா,” என்கிறாள். பிறகு குனிந்து, கட்டிய லேஸை அவிழ்த்து, தளர்த்த முடிந்த மட்டும் தளர்த்திக் கட்டுகிறாள்.