கணினிக்கு ஒரு பூச்சட்டை

"போச்சு! மறுபடியும் உயிரை விட்டுடுச்சு!"

கூடத்திலிருந்து அனிபால் போட்ட கூச்சல் வாசல்வரை வந்தது. வாசலில் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்த அவன் மனைவி யாதிரா தலையைக்கூடத் திருப்பவில்லை.

"யாரு, எதிர்வீட்டுக் கிளியா?"

"கம்ப்யூட்டர்டீ! ஆன்லைன் டொமினோவுல ஜெயிக்கப்போற நேரம். கையில ஒரே ஒரு காய்தான் பாக்கி. அந்த மெக்சிகோக்காரன் என்ன நினைப்பான்? தோத்துடுவோம்னு பயந்து ஓடிட்டான்னு நினைப்பான். நேத்தே என்னைப் பயந்தாங்கொள்ளிக் கோழின்னு எழுதினான்."

"உன்னைப் பார்த்ததே இல்லை. இருந்தும் எவ்வளவு சரியாச் சொல்றான் பாரேன்!"

பக்கத்தில் கிடந்த இன்னொரு ஆடும் நாற்காலியில் பூனை தூங்கிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் அது அனிபாலின் நாற்காலி. வெயில் தாழ்ந்ததும் பர்ரங்கீயா நகரத்தின் அந்தத் தெரு முழுக்க வாசலில்தான் இருக்கும். வம்பு, சிரிப்பு, எங்கோ ஒரு வானொலி. இந்த ஒரு வாசலில் மட்டும் இப்போதெல்லாம் யாதிராவும் பூனையும்தான்.

"ரிப்பேர் கடையில நாள் முழுக்க ஓடிச்சாம். ஒரு குறையும் இல்லைன்னு அடிச்சுச் சொல்றான். வீட்டுக்கு வந்தா மட்டும் மயக்கம் போடுது," என்று புலம்பியபடி அனிபால் பெட்டியின்மேல் கையை வைத்தான். வைத்த வேகத்தில் எடுத்தான். அடுப்பில் கிடக்கும் கல் மாதிரி கொதித்தது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கடையில் இருந்தபோது அதற்குச் சட்டை இல்லை!

அம்மா எலோதியா பின்னிய சட்டை. ரோஜாப்பூ வைத்து, ஓரத்தில் சுருக்கு வைத்து, பருத்தி நூலால் கெட்டியாகப் பின்னியது. பொத்தானுக்கும் ஒயர்களுக்கும் மட்டும் ஓட்டை விட்டு, மற்ற இடமெல்லாம் தைத்தே மூடியிருந்தாள். அந்த வீட்டில் ஃபிரிட்ஜுக்குச் சட்டை, மிக்ஸிக்குச் சட்டை, காஸ் சிலிண்டருக்குப் பாவாடை. கடைக்காரன் தையலைப் பிரித்து உறையைத் தனியாகச் சுருட்டிக் கொடுத்திருந்தான். பெட்டி வீடு திரும்பிய அன்றே அம்மா வந்து, "குழந்தையை இப்படி வெறும் உடம்போட அனுப்பியிருக்கானே" என்று அங்கலாய்த்து, மறுபடியும் தைத்துவிட்டுப் போயிருந்தாள்.

"மூச்சு முட்டித்தான் சாகுது யாதிரா! இந்தச் சட்டையை வெட்டி எடுத்தாத்தான் பிழைக்கும்."

யாதிரா இப்போது எழுந்து உள்ளே வந்தாள்.

"வெட்டு, தாராளமா வெட்டு. ஆனா நீதான் வெட்டினேன்னு உங்க அம்மாகிட்ட நீயே சொல்லிடணும். இல்லேன்னா மருமகதான் பொறாமையில கிழிச்சான்னு தெரு பூரா பேசும். ஏற்கெனவே எங்க ரெண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம்."

"நான் என்ன கோழியா? சொல்றேன்!" என்று கத்தரியை எடுத்தான் அனிபால்.

"யாரு கோழி?" என்று கேட்டபடியே பக்கத்து வீட்டிலிருந்து தேங்காய்ச்சோற்றுக் கிண்ணத்தோடு உள்ளே நுழைந்தாள் எலோதியா. "என்னடா கையில?"

"இதுவா... நகம் வெட்டலாம்னு, மா."

"செடி வெட்டற கத்தரியிலயா?"

கிண்ணத்தை வைத்துவிட்டு நேரே கம்ப்யூட்டரிடம் போனாள். பிள்ளைத்தாய்ச்சி வயிற்றைத் தடவுவதுபோல் உறையைத் தடவிக் கொடுத்தாள்.

"இந்த ரோஜாவுக்காக எத்தனை சாயங்காலம் உட்கார்ந்தேன் தெரியுமா? கண்ணே பூத்துப்போச்சு. பிள்ளை ஆசையா வாங்கினதாச்சே, தூசி படக் கூடாதேன்னு..."

"ரோஜா கொஞ்சம் அதிகமோன்னு தோணுது அத்தை," என்றாள் யாதிரா.

"நான் பின்னினா உனக்குக் குறைதான். என் பிள்ளை சொல்லட்டும். ஏன்டா, நல்லா இல்லையா? இல்லேன்னா சொல்லு, இப்பவே பிரிச்சுடறேன். எனக்கென்ன வருத்தம்?"

முந்தானை இல்லாத குறைக்கு, ஏப்ரனின் நுனி கண்ணுக்குப் போனது.

அனிபால் கத்தரியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

"என்னம்மா நீ! இதைப் போட்டப்புறம்தான் கம்ப்யூட்டருக்கே ஒரு களை வந்திருக்கு."

தோற்றுப்போன முகத்தோடு வாசலுக்கு வந்து, பூனையைத் தூக்கிக் கீழே விட்டுவிட்டு உட்கார்ந்தான். யாதிராவும் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன், அன்று தான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு வந்து, "என் மாமியாருக்குப் பேச்சு நிக்க ஏதாவது மாத்திரை இருக்கா?" என்று கேட்டவனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். அவனைப் போலவே நடித்தும் காட்டினான். யாதிரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்ததில் அவள் கை வந்து அவன் கைமேல் விழுந்தது. எடுக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர், "அடடே, அனிபால்! ஊர்ல இருக்கியா?" என்று கேலி செய்துவிட்டுப் போனார். மெக்சிகோக்காரன் நினைவிலேயே இல்லை.

"இரு, காபி நானே போட்டு எடுத்துட்டு வரேன்," என்று எழுந்தான். இந்த வார்த்தையை அவன் சொல்லி எத்தனையோ நாளாகிவிட்டது.

கோப்பைகளோடு திரும்பியவன் கதவருகே நின்றுவிட்டான். அவன் நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். ஏழாம் பொருத்தக்காரிகள் இருவரும் தலையோடு தலை சேர்த்துக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள்.

"முன்னெல்லாம் இருட்டற வரைக்கும் அந்தப் பெட்டி ஓடும் அத்தை. இன்னைக்கு உட்கார்ந்த கொஞ்ச நேரத்துலயே எழுந்து வந்தாச்சு!"

"பின்னே? நீ கேட்ட மாதிரியே உள்ளே இன்னொரு மடிப்பு வெச்சுத் தைச்சிருக்கேனே," என்றாள் எலோதியா. "உன் மாமனார் டி.வி. வாங்கிட்டு வந்தப்பதான்டி நான் பின்னவே கத்துக்கிட்டேன்."