பூவாளியின் கவலை

பொங்கலுக்கு ஊருக்குப் போகிற சந்தோஷத்தில் தோட்டக்காரர் மாசிலாமணி காலையிலிருந்தே விசிலடித்துக்கொண்டிருந்தார். செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பூவாளிக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

"இவர் திரும்பி வர நாலு நாள் ஆகும். நான் ஊத்தலேன்னா இங்க ஒரு செடி பிழைக்காது" என்று மண்வெட்டியிடம் புலம்பியது.

"அதான் வேரெல்லாம் சருகு போட்டு மூடியிருக்காரே. ஈரம் நிக்கும்" என்றது மண்வெட்டி.

"சருகு வந்து தண்ணி ஊத்துமா?"

இனிப் பூக்காது என்று கைவிட்டிருந்த செம்பருத்தி அன்று பூத்திருந்தது. மாசிலாமணி அசந்துபோய் நின்றார்.

"நேத்து நான் ஊத்தினது" என்றது பூவாளி.

சாயங்காலம் கொட்டகைக்குப் பின்னால் குப்பை கொட்டப் போனவர் உரக்கச் சிரித்தார். யாரும் நடாத பூசணிக்கொடி ஒன்று குப்பைமேடு முழுக்கப் படர்ந்து, குடம் போல ஒரு காயும் வைத்திருந்தது.

"உன்னை யாருடா கவனிச்சா?" என்று காயைத் தட்டிக்கொடுத்தார்.

பூவாளி கொட்டகை மூலையிலிருந்து எட்டிப் பார்த்தது. அந்தப் பக்கம் அது ஒருநாளும் போனதில்லை.

மாசிலாமணி பூவாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கொட்டகையைப் பூட்டிக்கொண்டு போனார்.

"மண்வெட்டி, தூங்கிட்டியா?" என்றது பூவாளி, கவிழ்ந்தபடியே. "இந்த நாலு நாளும் அந்தப் பூசணிக்கு யாரு தண்ணி ஊத்துவா?"