வால்டியூப் திருடன்

மஞ்சுளாவின் சைக்கிளில் மறுபடியும் காற்று இல்லை. இந்த வாரத்தில் மூன்றாவது தடவை.

குனிந்து பார்த்தாள். பின் சக்கரத்தில் வால்டியூப்பைக் காணோம். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ரப்பர் குழாய்தான். ஆனால் அது இல்லாவிட்டால் எத்தனை அடித்தாலும் காற்று நிற்காது.

"டேய் டில்லிபாபு! வெளிய வாடா!" என்று பக்கத்து வீட்டைப் பார்த்துக் கத்தினாள். "ஒரு ரவுண்டு குடுக்கலன்னு இப்டிப் பண்றியே, நீ நல்லா இருப்பியா?"

டில்லிபாபு வரவில்லை. அவன் அம்மா ராஜம்மாதான் வந்தாள்.

"வாய அடக்குடி. எம்புள்ள உன் சைக்கிளுக்கோசரம் காலங்காத்தால எழுந்துக்கிறானா? அவன் எட்டு மணி வரைக்கும் கொறட்ட வுடறவன்!"

சண்டை சூடு பிடிப்பதற்குள் அப்பா கன்னியப்பன் வெளியே வந்தார். வாட்ச்மேன் வேலை முடிந்து வந்தவர், காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"வுடு கண்ணு. வா, நடந்தே போவலாம். வயசுப் புள்ளைங்க தெனம் நடக்கணுமாம். ரேடியோல டாக்டரு சொன்னாரு. ஒடம்புக்கு அவ்ளோ நல்லதாம்."

"ராத்திரி பூரா முழிச்சிகினு வந்துகீற. நீ தூங்குப்பா, நான் தனியா போயிக்கிறேன்."

"தூக்கம் எங்க ஓடிப்போவுது? வா வா."

பென்னலூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் பள்ளிக்கூடத்துக்கு முக்கால் மணி நேர நடை. அம்மா போன பிறகு, தினமும் அப்பாதான் கூட நடந்து வந்து விடுவார். பத்தாம் வகுப்புக்குப் போனதும் மாமா இந்த சைக்கிளை வாங்கிக் கொடுத்தார். அதில் போனால் கால் மணி நேரம்.

வழியெல்லாம் அப்பா பேசிக்கொண்டே வந்தார். அவர் காவல் காக்கிற வேலிக்குள் நாய் குட்டி போட்டதாம், நாலும் கறுப்பாம். மஞ்சுளா 'உம்' கொட்டினாளே தவிர, பாதி காதில் விழவில்லை.

கூடப் படிக்கும் கங்காவும் செந்தாமரையும் மணியடித்துக்கொண்டு சைக்கிளில் தாண்டிப் போனார்கள். ஏதோ சொல்லி ஒரே சிரிப்பு. இவள் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பேச்சே பழசாகியிருக்கும். என்னவென்று கேட்டால், "அது அப்பவே முடிஞ்சிபோச்சிடி" என்பார்கள். பக்கத்தில் அப்பா நடந்தும், அந்த ரோட்டில் தான் மட்டும் தனியாக நடப்பதுபோல இருந்தது அவளுக்கு. அழுகை அழுகையாக வந்தது.

சாயங்காலம் புது வால்டியூப் வாங்கப் போனபோது சைக்கிள் கடை சுபாஷ் கிண்டல் செய்தான். "இன்னா மஞ்சு, வால்டியூப்ப ஆடு மேயுதா?"

திருடனைப் பிடித்தே தீருவது என்று முடிவு செய்தாள். மறுநாள் காலை ஏழரைக்குச் சோற்றை இறக்கி வைத்துவிட்டு, குளிக்கிற தட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். கையில் துடைப்பம்.

படல் திறக்கும் சத்தம் கேட்டது. 'வாடா டில்லி' என்று பல்லைக் கடித்தாள்.

வந்தது அப்பா. சுற்றுமுற்றும் பார்த்தார். சைக்கிள் பக்கத்தில் குந்தினார்.

'புஸ்ஸ்ஸ்…'

வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

"அப்பா!"

கன்னியப்பன் அப்படியே உறைந்துபோனார். உள்ளங்கையில் வால்டியூப்.

"ஏம்ப்பா? அந்த டில்லிய எவ்ளோ திட்டிட்டேன்!"

அவர் தலை நிமிரவில்லை. "நான் காவலுக்கு நிக்கிற எடத்துல இன்னா கீது சொல்லு?"

ஒன்றும் கிடையாது. 1991-ல் அங்கே கம்பெனி வரவில்லை, வரப்போகும் நிலத்துக்குக் கம்பி வேலிதான் வந்திருந்தது. வேலிக்குள்ளே முள்செடி, ஒரு தகரக் கொட்டகை, கன்னியப்பன்.

"நாலரைக்குப் போனா காலைல வரைக்கும் ஒரு மனுச மூஞ்சி கெடையாது. ரேடியோ பேசுது. நான் பேசுனா அது கேக்குதா? நீ அஞ்சு மணிக்கு வர, அப்ப நான் வூட்ல இல்ல. நான் வந்தா நீ அடுப்பாண்ட ஓடுற. பேசறதுக்குன்னு இருந்தது அந்த நடை ஒண்ணுதான் கண்ணு. சைக்கிள் வந்து அதுவும்…"

முடிக்காமல், அவரே வால்டியூப்பை மாட்டினார். காற்றடித்தார். "போ, நேரமாவுது. இனிமே தொட மாட்டேன்."

மஞ்சுளாவுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. நேராக ராஜம்மா வீட்டு வாசலுக்குப் போனாள்.

"தப்பா பேசிட்டேன் அத்தே. மன்னிச்சுக்கோ. டில்லி மேல தப்பு ஒண்ணும் இல்ல."

திரும்பி வந்து சைக்கிளை வெளியே எடுத்தாள். ஏறவில்லை. தள்ளிக்கொண்டு நடந்தாள்.

"ஏறும்மா."

"நீ வாப்பா. நேத்து ராத்திரி இன்னா நடந்துச்சு, சொல்லு."

வெறும் வேலிக்குள் என்ன நடந்திருக்கும்? ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஒன்றுமில்லாததை அவர் ஆசை ஆசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். மஞ்சுளா ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.

பாதி வழியில் மணிச்சத்தம். கங்கா காலை ஊன்றி நின்றாள். பின்னால் செந்தாமரை.

"இன்னாடி, நல்லா கீற சைக்கிளப் போயி தள்ளிகினு வர? ஏறுடி, ஒண்ணா போவலாம். ஏரிக்கரைல ரெண்டு கையும் வுட்டு ஓட்டினவதானே நீ!"

அப்பா சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

"நீங்க போங்கடி," என்றாள் மஞ்சுளா. "ரோட்டுல ஓட்ட எனக்கு பயமா கீது."